முதல் ஆடிஷனுக்கு ரெஸ்யூமே: "எனக்கு அனுபவமே இல்ல அக்கா"

வாசகர் கேள்வி, 02.06.2024

அக்கா வணக்கம். எனக்கு 22 வயசு. பி.காம். முடிச்சிட்டு குரோம்பேட்டைல ஒரு டூவீலர் ஷோரூம்ல பில்லிங்ல இருக்கேன். ஊரு செய்யாறு பக்கம். நாடகத்துல நடிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஒரு குழு புது நாடகத்துக்கு ஆள் எடுக்கறாங்க. ஒரு பக்கத்துல ரெஸ்யூமே, ஒரு போட்டோ அனுப்பச் சொல்றாங்க. ஜூன் 14 கடைசி. எனக்கு அனுபவமே இல்ல. காலேஜ் ஆண்டு விழால ஒரு தடவ நடிச்சேன், அவ்ளோதான். வேலைக்குப் போட்ட ரெஸ்யூமேவையே அனுப்பிடலாமா? இல்ல ரெண்டு மூணு குறும்படம் நடிச்சேன்னு சேத்துக்கவா? ஃப்ரெண்டு அப்படித்தான் போடச் சொல்றான்.

02.06.2024, இரவு

சேர்க்காதீர்கள் தம்பி. உங்கள் நண்பர் நல்லது நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேச்சைத் தொடங்குவார்கள். எந்தக் குறும்படம், யார் எடுத்தது, நீங்கள் என்னவாக வந்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் எதிரில் இருப்பவர் மனதில் அந்த மூன்று கேள்விதான் நிற்கும்.

வேலைக்குப் போட்டதும் வேண்டாம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று ஒரு வரி. நடுவில் பத்தாம் வகுப்பு சதவீதம், டேலி, எம்.எஸ். ஆபீஸ். கீழே அப்பா பெயர், மதம், திருமணம் ஆகவில்லை. கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை", இடம், நாள், கையொப்பம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் தயாராக வைத்திருக்கும் அச்சு அது. நாடகக் குழுவுக்கு அதில் உங்கள் பெயரும் போன் நம்பரும் தவிர ஒன்றும் உதவாது.

நான் பதினான்கு வருஷமாகச் சின்னக் குழுக்களில் நடிக்கிறேன். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. கடைசி ஐந்து வருஷமாக எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

வேண்டியது இவ்வளவுதான். பெயர், போன், வயது, உயரம், எங்கே இருக்கிறீர்கள். நடித்தது. கற்றுக்கொண்டது. உடம்பாலும் குரலாலும் செய்யத் தெரிந்தது. எந்த நேரம் ஒத்திகைக்கு வர முடியும். ஏ4 தாளில் ஒரு பக்கம். பக்கம் நிறையாவிட்டால் நிறையாமலே இருக்கட்டும்.

ஆண்டு விழா நாடகத்தைப் போட வேண்டாம். சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும்.

03.06.2024, காலை

நேற்று கடைசியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ராத்திரி படுத்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து நாடகம் நடித்தவர் ஆண்டு விழாவைப் போட்டால்தான் தேவையில்லாதது. முதல் படியில் நிற்கிறவருக்கு அது ஒன்றுதானே மேடை? போடுங்கள். ஆனால் "கல்லூரி நாடகங்களில் நடித்துள்ளேன்" என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். எந்த வருஷம், என்ன பாத்திரம், எத்தனை நிமிஷ நாடகம், யார் இயக்கியது. இயக்கியவர் தமிழ்த்துறைப் பேராசிரியர் என்றால் அப்படியே எழுதுங்கள். ஒரு தடவை என்றால் ஒரு தடவை.

எங்கள் மேஜைக்கு வரும் காகிதங்களில் "பல நாடகங்கள்", "பல மேடைகள்" என்று எழுதியிருந்தால் இயக்குநர் பேனாவை எடுத்து அந்தப் "பல"வை வட்டமிடுவார். உள்ளே வந்ததும் முதல் கேள்வி அதிலிருந்துதான். ஒன்று என்று எழுதியிருந்தால் "அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லுங்க" என்பார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவோ சுலபம்.

04.06.2024

பொய் சேர்க்கக் கூடாது என்று ஏன் அடித்துச் சொன்னேன் என்பதற்கு என் கதை.

24 வயதில் என் முதல் ஆடிஷன். அப்போது ஒரு பட்டறையில் ஆறு நாள் சிலம்பம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் ரெஸ்யூமேயில் "தெரிந்த கலைகள்: சிலம்பம், பறை, ஒயிலாட்டம்" என்று எழுதினேன். பறையை ஒரு நாள் தொட்டுப் பார்த்திருந்தேன். ஒயிலாட்டம் பார்த்திருந்தேன். ஒத்திகை நடக்கும் இடம் ஒரு மாடி ஹால். மூலையில் நான்கைந்து கம்பு சாத்தியிருந்தது. இயக்குநர் என் காகிதத்தைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஒரு கம்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவதில் மணிக்கட்டு திரும்பவில்லை, கம்பு கையை விட்டுப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"எத்தனை நாள் கத்துக்கிட்ட?"

"ஆறு நாள் சார்."

"அப்ப ஆறு நாள்னு எழுதும்மா. ஆறு நாள் கத்துக்கிட்டவளுக்கு இது நல்லாவே வந்திருக்கு."

அதே இரண்டு சுற்றுதான். "சிலம்பம் தெரியும்" என்ற வரிக்குக் கீழே அது தோல்வி. "ஆறு நாள் பயிற்சி" என்ற வரிக்குக் கீழே அது நல்ல தொடக்கம். அந்த நாடகத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் காகிதத்தில் எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு உண்டு.

05.06.2024

போட்டோ பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக.

ஸ்டுடியோ வேண்டாம், போன் போதும். காலை எட்டு மணிக்குள் மொட்டை மாடியில், நேர் வெயில் படாத நிழலில், வெறும் சுவருக்கு முன்னால். முகமும் தோளும் தெரிய ஒன்று, உச்சி முதல் பாதம் வரை ஒன்று. ஃபில்டர் போடாதீர்கள். போட்டோவில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்றால் பெயரைக் கூப்பிட்டு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. தினமும் கண்ணாடி போடுகிறவர் போட்டே எடுங்கள். கட்டம் போட்ட சட்டை, எழுத்துப் போட்ட பனியன் வேண்டாம், கண் அங்கேதான் போகும். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது வேண்டவே வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் தோள் பாதி தெரியும்.

கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள். "ரெஸ்யூமே புதுசு கடைசி 2" என்று வருகிற கோப்பை எங்கள் ஆள் இறக்கி வைத்தால் யாருடையது என்று அப்புறம் தெரிவதில்லை.

06.06.2024, இரவு

கேள்வி கேட்ட தம்பி நேற்று ராத்திரி தன் முதல் வரைவை எனக்கு அனுப்பினார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

வரைவில் ஆண்டு விழா நாடகம் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை ஒன்று. அவ்வளவுதான். "பொழுதுபோக்கு" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே கிரிக்கெட், பாட்டு கேட்பது, ஊர்த் திருவிழாவில் கலந்துகொள்வது. அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கண் நின்றது. செய்யாறு பக்கத்துத் திருவிழா என்றால் எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும். "திருவிழால என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"திரௌபதி அம்மன் திருவிழாக்கா. எங்க மாமாவோட கூத்துக் குழு, ஜமான்னு சொல்வோம், அதுல கூத்து நடக்கும். நானும் வேஷம் கட்டுவேன்."

"என்ன வேஷம்?"

"ரெண்டு மூணு வருஷம் அபிமன்யு கட்டினேன். அதுக்கு முன்னாடி பின்னால நின்னு கூடப் பாடற பின்பாட்டு. அது ஊரு கூத்துதானேக்கா, நாடகம் இல்லியே."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. பதினாறு, பதினேழு வயதில், ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கிற களரியில், முகத்தில் அரிதாரம், தோளில் கட்டை, காலில் சலங்கை, தலையில் கிரீடம் எல்லாம் சுமந்துகொண்டு, மைக் சரியில்லாவிட்டாலும் கடைசி வரிசைப் பாட்டிக்குக் கேட்கிற மாதிரி பாடி ஆடி வசனம் பேசிய பையன் "எனக்கு அனுபவமே இல்ல" என்று எழுதுகிறான். அதைக் கொண்டுபோய் கிரிக்கெட்டுக்குப் பக்கத்தில் பொழுதுபோக்கில் வைக்கிறான்.

தம்பி, அதுதான் உங்கள் ரெஸ்யூமேயின் முதல் வரி.

07.06.2024

நேற்றைய குறிப்பு கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு எழுதியது. ஆனாலும் மாற்றப்போவதில்லை. காரணத்தைச் சேர்க்கிறேன்.

புரிசை உங்கள் பக்கம்தானே தம்பி? அந்த ஊர் நடேச தம்பிரானின் கூத்துதான் ந. முத்துசாமியைக் கூத்தின் பக்கம் திருப்பியது. சிறுகதைகளும் நாடகங்களும் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பெயரிலேயே கூத்து இருக்கிறது. சென்னையில் நவீன நாடகம் செய்கிறவர்கள் பலர் அங்கிருந்தோ அதன் நிழலிலிருந்தோ வந்தவர்கள். நடிகர் உடம்பைப் பழக்கக் கூத்தின் ஆட்ட அசைவுகளை, அதாவது அடவுகளை, தேடிப் போய்க் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறோம். உங்களுக்கு அதை மாமா வீட்டுத் திண்ணையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெஸ்யூமே என்பது வெளியிலிருந்து வந்த சமாச்சாரம், நம் ஆட்களுக்குப் பழக்கமில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயர் வெளியிலிருந்து வந்தது, சரி. ஆனால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு அடிக்கிற நோட்டீஸை நினைத்துப் பாருங்கள். அங்கே குழு என்று நிலையாக ஒன்று கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த கதைகளை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றைக்கு ராத்திரி மேடையில் சேர்ந்து நடிக்கிறார்கள். நோட்டீஸில் ஒவ்வொருவர் போட்டோ, ஊர், பெயர், என்ன பார்ட். அதைப் பார்த்துத்தான் பக்கத்து ஊர்க்காரர் "இவரைப் போடலாம்" என்று முடிவு செய்கிறார். போட்டோ, பெயர், ஊர், பாத்திரம் என்று உங்களிடம் கேட்டிருப்பதும் அதேதான்.

அதனால் வீட்டில் சொல்லி அந்தத் திருவிழா நோட்டீஸ்கள் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த வருஷம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

08.06.2024, மதியம்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுக் கூத்துக் கலைஞர் ஒருவர், பெரியவர், தனியாகப் போன் செய்தார். முப்பது வருஷத்துக்கு மேல் வேஷம் கட்டுகிறவர். அவர் சொன்னதில் பாதி எனக்குத் திட்டு.

"அந்தப் புள்ளைய 'தெருக்கூத்து தெரியும்'னு மட்டும் எழுத வச்சிராதம்மா. மூணு நாள் பட்டறைக்கு வந்துட்டு போறவங்க எல்லாம் அப்படித்தான் எழுதறாங்க. எந்த ஜமா, வாத்தியார் யாரு, என்ன வேஷம், எத்தன ராத்திரி. அதச் சொல்லணும். வாத்தியார் பேர சொல்லாம கூத்து தெரியும்னு சொல்லக்கூடாது."

எனக்கு இது தோன்றவே இல்லை. என் சிலம்பக் கதையைச் சொல்லிவிட்டு, அதே தப்பை இவரிடம் செய்யச் சொல்ல இருந்தேன். "திறன்கள்: தெருக்கூத்து" என்று ஒரு சொல்லாகப் போட்டிருந்தால் அது ஆறு நாள் பட்டறைக்காரியின் வரியும் ஆகும், விடிய விடிய ஆடியவரின் வரியும் ஆகும். பெரியவர் சொன்ன நான்கு விஷயம் சேர்ந்தால்தான் இரண்டும் பிரியும்.

அவரிடமே இன்னொன்றும் கேட்டேன். கூத்தை "நாடகம்" என்ற தலைப்பில் போடுவதா, தனியாகப் போடுவதா? "மேடையில ஆடுனது எல்லாம் ஒரே எடத்துல போடு. எதுக்குப் பிரிக்கணும்?" என்றார். சரிதான். "நாடகம்" என்ற தலைப்பை "மேடை" என்று மாற்றினால் ஆண்டு விழாவும் அபிமன்யுவும் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்துவிடும்.

09.06.2024, ஞாயிறு

நேற்றும் இன்றுமாகத் தம்பியும் நானும் போனில் உட்கார்ந்து எழுதியது இது. பெயர், நம்பர், வாத்தியார் பெயர், பேராசிரியர் பெயர் நான்கையும் எடுத்துவிட்டுப் போடுகிறேன்.

வயது 22. உயரம் 168 செ.மீ. இருப்பது குரோம்பேட்டை. சொந்த ஊர் செய்யாறு அருகே.

மேடை
அபிமன்யு வேஷம். தெருக்கூத்து, தாய்மாமன் ஜமா. திரௌபதி அம்மன் திருவிழா, சொந்த ஊரும் பக்கத்து ஊரும். 2018, 2019, 2022. மொத்தம் ஐந்து இரவு. வாத்தியார்: (பெயர்)
தபால்காரர். கல்லூரி ஆண்டு விழா நாடகம், 20 நிமிடம், 2021. இயக்கம்: தமிழ்த்துறைப் பேராசிரியர் (பெயர்)

பயிற்சி
கூத்து அடவும் பாட்டும், ஜமாவில், 14 வயது முதல், திருவிழாவுக்கு முந்தைய மாதங்களில்.
நடிப்புப் பட்டறை, சென்னை, ஒரு நாள், 2024.

செய்ய முடிந்தது
பின்பாட்டு பாடுவேன். தாளம் போடுவேன். கூத்து ஒப்பனை தனக்குத்தானே போட்டுக்கொள்ளத் தெரியும். தமிழ், வட ஆற்காட்டுப் பேச்சு இயல்பாக வரும். தெலுங்கு புரியும், பேசத் தடுமாறுவேன். பைக் ஓட்டுவேன், உரிமம் உண்டு.

நேரம்
வார நாட்களில் மாலை 7 மணிக்கு மேல். ஞாயிறு முழு நாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுக்க முடியும்.

அவ்வளவுதான். பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது. இருக்கட்டும். 2020, 2021 ஏன் இல்லை என்று கேட்பார்கள், கொரோனாவால் ஊரில் திருவிழா நடக்கவில்லை என்று வாயால் சொன்னால் போதும்.

கடைசித் தலைப்பை யாரும் போடுவதில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் சின்னக் குழுக்களில் முக்கால்வாசிப் பேர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். ஒத்திகை என்பது மாலைதான், இரண்டு மாதமாவது ஓடும். நல்ல நடிகர் கிடைத்து, மூன்றாம் வாரம் "சார், எனக்கு இனிமே நைட் ஷிஃப்ட்" என்று அவர் போய்விட்டால் மொத்த நாடகமும் தடுமாறும். இரண்டு பேர் ஒரே மாதிரி இருந்தால் நேரத்தைத் தெளிவாக எழுதியவரைத்தான் எடுத்திருக்கிறோம்.

"பைக் எதுக்கு?" என்று தம்பி கேட்டார். செட் சாமான் ஏற்றவும் உதவும் என்று சிரித்தேன். உண்மையும் அதுதான். தையல் தெரியும், எலக்ட்ரிகல் வேலை தெரியும், கணக்கு எழுதத் தெரியும் என்பதெல்லாம் சின்னக் குழுவுக்குப் பெரிய விஷயம். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்காளராக இருந்தவர். உள்ளே நுழைய ஒரே ஒரு கதவுதான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

10.06.2024

தம்பி அந்த ஞாயிறே ஜெராக்ஸ் கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாக எனக்கு அனுப்பினார். திறந்தால் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளி, அடைப்புக்குறி. கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு அவர் கணினியில் இருக்கும்வரைதான் அது தமிழ். இன்னொரு கணினியில் அது வெறும் கோணல்மாணல்.

இது எங்கள் குழுவுக்கும் நடந்திருக்கிறது. வந்ததில் இரண்டு காகிதத்தை எங்களால் படிக்கவே முடியவில்லை. அனுப்பியவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

யூனிகோடில் அடியுங்கள். போனில் தமிழ் அடிக்கிறீர்களே, அதுவே யூனிகோடுதான். கூகுள் டாக்ஸில் அடித்துப் பி.டி.எஃப். ஆக மாற்றி, முதலில் ஒரு நண்பருக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினாலும் எங்களுக்குச் சம்மதம்தான். எழுத்து புரிய வேண்டும், அவ்வளவே.

11.06.2024

இரண்டு பெண்கள் தனியாகக் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதால்.

வீட்டு முகவரியை ரெஸ்யூமேயில் போடாதீர்கள். பகுதி பெயர் போதும். இந்தக் காகிதம் எத்தனை போனுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. உயரம் கேட்பது நியாயம். உடை தைக்க அளவு வேண்டுமென்றால் தேர்வான பிறகு உடை பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார்; விண்ணப்பத்திலேயே உடல் அளவு கேட்டால் அனுப்ப வேண்டாம். ஆடிஷன் எங்கே, எத்தனை மணிக்கு, கூட யார் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமா என்று கேளுங்கள். நல்ல குழு என்றால் "தாராளமா வரட்டும்" என்பார்கள். முகம் சுளித்தால் அதுவே பதில்.

ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் போகாதீர்கள். ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும். பட்டறைக்குக் கட்டணம் உண்டு, அது வேறு. தேர்வுக்குக் கட்டணம் என்று கேட்கிறவரிடம் பெரும்பாலும் நாடகம் இருக்காது.

திருமணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்பதையும் எழுத வேண்டியதில்லை. எனக்கு மகள் பிறந்த பிறகு இரண்டு வருஷம் நான் நடிக்கவில்லை. அந்த இடைவெளிக்கு விளக்கம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை.

12.06.2024

தேசிய நாடகப் பள்ளிக்கு இதே காகிதம் போதுமா என்று ஒருவர். போதாது. டெல்லியில் மூன்று வருஷப் படிப்பு, பட்டம் முடித்திருக்க வேண்டும், அதோடு நாடகங்களில் பங்கேற்ற அனுபவத்தையும் எண்ணிக்கையோடு கேட்கிறார்கள். அந்தந்த வருஷ அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். நான் சொல்ல வருவது, அங்கே போகிற எண்ணம் உண்டென்றால் இன்றிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள். நடித்த ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ், நோட்டீஸ், ஒரு போட்டோ, முடிந்தால் இயக்குநரிடம் நான்கு வரிக் கடிதம். நாடகம் முடிந்த வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். மூன்று வருஷம் கழித்துப் போனால் குழுவே கலைந்திருக்கும். என் முதல் நான்கு நாடகங்களுக்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒன்றுக்கு மட்டும் ஒரு தோழியின் பழைய போனில் மங்கலாக ஒரு படம் கிடைத்தது. அதில் என் முதுகு தெரிகிறது.

14.06.2024

தம்பி அனுப்பிவிட்டார். ஞாயிறு காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நிமிஷத்துக்கு எதையாவது தயார் செய்துகொண்டு வரச் சொன்னார்களாம். சினிமா வசனம் பேசலாமா என்று கேட்டார். எல்லாரும் கேட்ட வசனத்தைப் பேசினால் கேட்கிறவர் காதில் அந்த நடிகரின் குரல்தான் ஒலிக்கும், உங்கள் குரல் ஏறாது. கூத்திலிருந்து ஒரு நிமிஷம், ஷோரூமில் பில் போட வந்த ஒருவரோடு நடந்த உண்மையான சண்டையை ஒரு நிமிஷம், இரண்டையும் செய்யச் சொன்னேன்.

ரெஸ்யூமே இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். அனுப்பியது யாரிடமும் கையில் இருக்காது.

16.06.2024, இரவு

தம்பி போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மேஜையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா காகிதத்தில் விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்து "ஐந்து இரவு" என்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறார். "ஐந்துன்னு எண்ணியா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். ஆமாம் என்று வருஷ வாரியாகச் சொல்லியிருக்கிறார். பிறகு திரை நுழைவு, அதாவது கூத்தில் வேஷம் கட்டியவர் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வெளியே வருவது, செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். திரைக்கு எங்கே போவது? அங்கே காத்திருந்த இரண்டு பேர் ஒரு துப்பட்டாவின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இவர் பின்னால் நின்று விருத்தத்தை எடுத்திருக்கிறார். ஷோரூமில் நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்த தொண்டை, முதல் வரி கட்டிக்கொண்டதாம். நிறுத்தி, இருமி, மறுபடி எடுத்திருக்கிறார். இரண்டாவது தடவை துப்பட்டா இறங்கும்போது முன்னால் வந்து சுழன்றபோது, காலில் சலங்கை இல்லாதது என்னவோ போல இருந்தது அக்கா என்றார்.

ஷோரூம் சண்டையைக் கேட்கவே இல்லையாம். அதற்கு நேரம் முடிந்துவிட்டது.

21.06.2024

பெரிய பாத்திரம் இல்லை. ஆறு பேர் கொண்ட கூட்டுக் குழுவில் ஒருவர். அதோடு மற்ற ஐந்து பேருக்கும் மூன்று அடவு சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முதல் ஒத்திகை திங்கள் மாலை ஏழு மணி. ஆறரைதான் அவர்கள் வழக்கமாம். இவர் காகிதத்தில் ஏழு என்று இருந்ததால் அரை மணி தள்ளி வைத்திருக்கிறார்கள்.

23.06.2024

ஒரு திருத்தம். மேலே ஒன்பதாம் தேதி போட்ட மாதிரியில் ஒரு வரி தப்பு.

தம்பி ஊருக்குப் போன் செய்து மாமாவிடம் விஷயத்தைச் சொல்லி, அடவு சொல்லிக் கொடுக்க வாத்தியாரிடம் உத்தரவு கேட்டிருக்கிறார். பேச்சோடு பேச்சாகக் காகிதத்தை வாசித்தும் காட்டியிருக்கிறார். மாமா இடையில் நிறுத்தி, "2018ல நீ எங்கடா அபிமன்யு கட்டின? அந்த வருஷம் பின்பாட்டுதான். கிரீடம் உனக்குப் பெருசா இருக்குன்னு அடுத்த வருஷம்தானே ஏத்துனோம்" என்றாராம். வீட்டிலிருந்து வந்த 2018 நோட்டீஸிலும் அபிமன்யு என்று வேறொரு பையன் பெயர்தான் இருக்கிறது. ஆக வேஷம் 2019, 2022 மட்டும், மூன்று இரவு. 2018இல் பின்பாட்டு, இரண்டு இரவு.

தேர்வு முடிந்த பிறகு இதை ஏன் சொல்ல வேண்டும் என்று இவர் என்னிடம் கேட்கவில்லை. திருத்திய பி.டி.எஃப்.பை அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் எனக்கே சொன்னார். "சரி, நாளைக்கு வரும்போது தாளமும் கொண்டு வாங்க" என்று பதில் வந்திருக்கிறது.